திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. மாணவர்களைவிட மாணவிகளே அதிக விழுக்காட்டில் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள் என்பதே அது. சடங்கும் சம்பிரதாயமும் பெண்களின் படிப்பைக் கெடுத்த காலம் மலையேறிவிட்டது என்று அதைப் படித்து மகிழ்வோர் பலர். பீளமேட்டில் என்னுடன் காலை நடைக்கு வரும் நண்பர்கள் சிலரின் கருத்தும் அதுவே. ஆனால், தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களை மட்டும் கொண்டு போடப்படும் கணக்கு. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நின்றுவிட்டவள் அந்தக் கணக்கின் எந்தப் பக்கத்திலும் இல்லை. பொருளியல் கற்பித்துப் பழகிய எனக்கு இந்த விடுபடல் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இதை எண்ணும்போதெல்லாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர், சட்ட மேலவையில் அமர்ந்த முதல் பெண் என்றெல்லாம் அவரை நாம் அறிவோம். அவர் ஒரு பள்ளி மாணவியாக இருந்த ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவருடைய பிற்காலப் பணிகள் பலவற்றின் வேர் அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்த இணைப்பை ஐயரின் உறவினர்கள் ஏற்கவில்லை. அவரை விலக்கி வைத்தார்கள். தந்தையின் சாதியும் தாயின் குலமும் ஒரே வீட்டுக்குள் இருந்த நிலையில் அந்தச் சிறுமி வளர்ந்தாள். ஊராரின் கண்ணுக்கு அவள் தாயின் மகள்தான்.

இங்கே ஒரு வரலாற்று விநோதத்தைச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் எழுதப் படிக்கவும் பாடவும் அறிந்த பெண்களில் கணிசமானோர் கோயில் பணிக்கு நேர்ந்துவிடப்பட்ட குலத்தவர். அவர்களுடைய தொழிலுக்கு அது தேவையாக இருந்தது. அதனாலேயே மற்றக் குடும்பங்களில், படித்த பெண் என்றால் சந்தேகத்துடன் பார்க்கும் வழக்கம் உண்டாயிற்று. ஒரு மரபு சில பெண்களுக்குக் கல்வியைத் தந்தது; அதே மரபு பல பெண்களுக்குக் கல்வியை மறுப்பதற்குச் சாக்காகவும் அமைந்தது. பண்பாடு படிப்பைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம்.

நான்கு வயதில் முத்துலட்சுமி திண்ணைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். வீட்டுக் கணக்கு எழுதும் அளவுக்குத் தமிழ் தெரிந்தால் போதும் என்பதே தொடக்கத்தில் பெரியவர்களின் எண்ணம். ஆசிரியர்கள் அவருக்கு ஆங்கிலமும் கற்பித்தார்கள். படிப்பில் அவருக்கு இருந்த வேகத்தைக் கண்ட பிறகு தந்தையும் தடுக்கவில்லை. பையன்களோடு அமர்ந்து பையன்களின் பாடத்தைப் படித்த சிறுமி வகுப்புக்கு வகுப்பு மேலேறினாள்.

பதின்மூன்றாம் வயதை ஒட்டி அவர் பூப்பெய்தினார். அத்துடன் பள்ளி முடிந்தது. அதற்குத் தனி உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. யாரும் கூடி முடிவெடுக்கவும் இல்லை. வயது வந்த பெண் வாசற்படி தாண்டக் கூடாது என்பது ஊரறிந்த நியதி. அவளுடைய மதிப்பெண் என்ன, எந்தப் பாடத்தில் ஆர்வம் என்பதெல்லாம் அந்த நியதிக்கு முன் பொருட்டில்லை. தாய்க்கோ மகளுக்கு விரைவில் மணம் முடித்துவிட வேண்டும் என்ற கவலை. அன்றைய சூழலில் தாயைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தம் குலத்தின் பெயர் மகளைத் தொடராமல் இருக்கத் திருமணம் ஒன்றே காப்பு என்று நினைத்த பெண் அவர்.

முத்துலட்சுமிக்கு வாய்த்த நல்லூழ், வீட்டுக்குள்ளேயே ஒரு கல்லூரி ஆசிரியர் இருந்தது. தந்தையின் துணையோடு வீட்டிலேயே பாடங்களைப் படித்து 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அறிவு, உழைப்பு, விடாமுயற்சி என்று மேடைகளில் இதை விளக்குகிறோம். அவையெல்லாம் உண்மைதான். என்றாலும், அதே ஊரில் அதே ஆண்டில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட மற்றச் சிறுமிகளின் தந்தையர் கல்லூரி ஆசிரியர்கள் அல்லர். அவர்களுள் எத்தனை முத்துலட்சுமிகள் இருந்தார்கள் என்பதற்குப் பதிவேடு கிடையாது.

எங்கள் கொங்கு வட்டாரத்தில் இன்று எந்த வீட்டிலும் பூப்பெய்திய பெண்ணைப் பள்ளியிலிருந்து அடியோடு நிறுத்துவதில்லை. அவினாசி சாலையில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் மிதிவண்டியிலும் பேருந்திலும் பள்ளிக்கு விரையும் பெண்களை எண்ணி மாளாது. ஆனால், சீர் நிற்கவில்லை, பெருகியிருக்கிறது. முன்பு வீட்டு முற்றத்தில் பச்சை ஓலைக் குடிசை கட்டி, தாய்மாமன் சீர் கொண்டுவர, உறவுக்காரப் பெண்கள் கூடி நீராட்டுவதோடு முடிந்த சடங்கு, இப்போது மண்டபத்துக்கு வந்துவிட்டது. சாலை முனையில் ஏழாம் வகுப்புச் சிறுமியின் ஆளுயரப் படத்தோடு ஃப்ளெக்ஸ் பலகை. தட்டு எண்ணிக்கையில் தாய்மாமன்களுக்குள் போட்டி. மொய்யில் திரும்பி வந்துவிடும் என்று சொல்லித்தான் கடன் வாங்குகிறார்கள். மொய் என்பது வட்டியில்லாக் கடன் என்பதையும், அதைத் திருப்பிச் செலுத்தும் ஆண்டுகளில்தான் அந்தப் பெண்ணின் கல்லூரிக் கட்டணமும் வந்து நிற்கும் என்பதையும் வகுப்பில் பலமுறை கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். மாணவிகள் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பு அடங்கிவிடும்.

ஒன்பது நாள், பதினொரு நாள், பதினாறு நாள் என்று குடும்ப வழக்கத்துக்கேற்பப் பள்ளிக்கு விடுப்பு. திரும்பி வரும்போது இயற்கணிதத்தில் ஓர் அதிகாரம் முடிந்துவிட்டிருக்கும். நாள் இழப்பை ஈடு செய்துவிடலாம். எனக்குத் தெரிந்த தலைமையாசிரியை ஒருவர், அப்படி வராமல் போகும் ஒவ்வொரு மாணவியின் வீட்டுக்கும் மூன்றாம் நாள் வீட்டுப்பாடத்துடன் போய்விடுவார். சடங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பெண்ணின் தாயிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வருவார். ஈடு செய்ய முடியாதது அந்த ஃப்ளெக்ஸ் பலகை செய்யும் அறிவிப்பு. இந்த வீட்டில் மணம் பேசத் தகுந்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பதுதான் அதன் உட்பொருள். அன்றிலிருந்து வீட்டில் அவளைப் பற்றிய பேச்சு மாறிவிடுகிறது. மேலே எதைப் படிக்கலாம் என்ற பேச்சின் இடத்தை, எவ்வளவு நாள் படிக்க வைக்கலாம் என்ற பேச்சு பிடித்துக்கொள்கிறது.

மரபு முழுவதையும் நான் குற்றக்கூண்டில் ஏற்றுவதாக யாரும் எண்ண வேண்டாம். வள்ளி கும்மி இப்போது எங்கள் ஊர்களில் மறுபிறவி எடுத்திருக்கிறது. பள்ளி மாணவிகள் நூற்றுக்கணக்கில் கூடி மணிக்கணக்கில் அடவு தவறாமல் ஆடுவதைக் கண்டிருக்கிறேன். அதனால் எந்த மாணவியின் மதிப்பெண்ணும் குறைந்ததாக நான் அறியவில்லை. கவலைப்பட வேண்டியது, பள்ளிப் படிப்புக்கு முடிவுத் தேதி குறிக்கும் வழக்கத்தைப் பற்றி மட்டும்தான்.

புதுக்கோட்டைக்குத் திரும்புவோம். மெட்ரிகுலேஷன் தேறிய பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த ஊருக்குத் தெரியவில்லை. பெண்கள் கல்லூரி அங்கே கிடையாது. 1904இல் மகாராஜா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தார். இரண்டு காரணங்கள் சொல்லி எதிர்ப்புக் கிளம்பியது. ஒன்று, அவர் பெண். மற்றொன்று, அவர் தாயின் குலம். மகனைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று மிரட்டிய பெற்றோரும் உண்டு. கல்லூரி நிர்வாகமும் தயங்கியது. இறுதியில் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு, சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார்.

சேர்த்துக்கொண்ட விதம் தனிக்கதை. மூடிய வண்டியில் அவர் கல்லூரிக்கு வர வேண்டும். வகுப்பறையில் மாணவர்களின் பார்வை படாதவாறு திரைக்குப் பின்னால் உட்கார வேண்டும். பாடம் முடிந்து அவர் வெளியேறி வண்டி நகர்ந்த பிறகே மாணவர்கள் வெளியே வர மணி அடிக்கப்படும். கரும்பலகையை எப்படிப் பார்த்தார், ஐயம் எழுந்தால் எப்படிக் கேட்டார் என்று ஓர் ஆசிரியனாக நான் பலமுறை யோசித்ததுண்டு. வழக்கத்தை விட்டுக்கொடுக்காமலேயே கல்வியையும் கொடுத்துவிட்டதாக ஊர் பெரியவர்கள் நிறைவு கொண்டிருப்பார்கள். அந்தச் சமரசத்தின் விலை முழுவதையும் கட்டியவர் அந்த ஒரே மாணவி. அப்படிப் படித்தும் இடைநிலைத் தேர்வில் தேறி, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் பதக்கங்களுடன் பட்டம் பெற்று, எழும்பூர் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவரானார்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு ஆகவிருந்தது. தம்மைச் சமமாக நடத்த வேண்டும், விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு இணங்கியவரையே அவர் ஏற்றார். 1925இல் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். திரும்பியதும் இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையால் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மேலவையில் அவர் எழுப்பிய பிரச்சினைகளைப் பார்த்தால் பழைய மாணவியின் நினைவு தெரிகிறது. பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். 1928இல் பெண்ணின் திருமண வயதைப் பதினாறாகவும் ஆணின் திருமண வயதை இருபத்தொன்றாகவும் உயர்த்தக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டம் பதினான்கு, பதினெட்டு என்ற அளவில் நின்றது. பதினான்குக்கும் பதினாறுக்கும் இடையே இரண்டே ஆண்டுதான் என்று தோன்றலாம். பள்ளிக் கணக்கில் அது உயர்நிலைப் படிப்பு முழுவதும். பதினான்கில் மணமாகும் பெண் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுவாள். பதினாறு வரை விட்டுவைத்தால் இறுதித் தேர்வை எழுதிவிடுவாள்.

அதே 1928இல் ஹார்டாக் குழு அமைக்கப்பட்டது. சைமன் ஆணையத்துக்குத் துணையாக இந்தியக் கல்வி நிலையை ஆராய வந்த அக்குழுவில் முத்துலட்சுமி ரெட்டியும் உறுப்பினர். 1929இல் வெளிவந்த அதன் அறிக்கையை, கல்விப் பொருளியல் பயிலும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். 1922–23இல் முதல் வகுப்பில் இருந்த 100 குழந்தைகளுள், மூன்றாண்டு கழித்து நான்காம் வகுப்பை எட்டியவர்கள் 18 பேர் மட்டுமே என்று அக்குழு கணக்கிட்டது. இடையில் நின்றுவிடுவதை விரயம் என்றும், ஒரே வகுப்பில் தங்கிவிடுவதைத் தேக்கம் என்றும் பிரித்துப் பெயரிட்டது. பள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அரசுக்கு, சேர்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி புதிது. பெண் குழந்தைகளிடையே விரயம் இன்னும் கடுமையானது என்பதைக் கண்ட குழு, கல்வி விரிவாக்கத் திட்டங்கள் அனைத்திலும் பெண் கல்விக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பதின்மூன்று வயதில் தாமே அந்த விரயக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டியவர், அந்தக் குழுவின் மேசையில் அமர்ந்திருந்தார்.

விரயம் என்ற அந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. நான் பணியில் இருந்தபோது முதலாண்டுப் பொருளியல் வகுப்பில் மற்றவர்களைவிட மூன்று வயது மூத்த மாணவி ஒருத்தி இருந்தாள். தென்மாவட்டக் கிராமத்தைச் சேர்ந்தவள். பத்தாம் வகுப்பு முடித்ததும் ஒரு நூற்பாலை விடுதியில் தங்கி மூன்றாண்டு வேலை செய்தவள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்ற மங்கலப் பெயர்களில் நடந்த ஏற்பாடு அது. மணமாகாத இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கி உழைக்க வேண்டும்; முடிவில் திருமணச் செலவுக்கென்று முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். இடையில் உடல்நலம் கெட்டு வீடு திரும்பினால் அந்தத் தொகை பெரும்பாலும் கைக்கு வராது. வரதட்சணை என்ற வழக்கம் இல்லையேல் இந்தத் திட்டத்துக்கு ஆள் கிடைத்திருக்காது. அந்த மாணவி மட்டும் தொகையை வாங்கிக்கொண்டு நகைக்கடைக்குப் போகாமல், கல்லூரிக்கு வந்தாள். பிளஸ் 2 தேர்வைத் தனித்தேர்வராக எழுதியிருந்தாள். விடுதியில் அவளுடன் தங்கியிருந்தவர்களுள் வேறு யாரும் படிப்புக்குத் திரும்பவில்லை என்று சொன்னாள்.

அரசும் இந்த வழக்கத்தோடு ஒரு விளையாட்டு விளையாடிப் பார்த்தது. தேவதாசி ஒழிப்பில் முத்துலட்சுமி ரெட்டிக்குத் தோள்கொடுத்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால்தான் உதவி என்று நிபந்தனை விதித்தது. முதலில் எட்டாம் வகுப்பு. பிறகு பத்தாம் வகுப்பு. 2011 முதல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. கல்யாணச் செலவு என்ற தூண்டிலைக் கொண்டே பெண்ணைப் பள்ளியில் நிறுத்திவைக்கும் உத்தி. குறை சொல்லலாம், பலன் தரவில்லை என்று சொல்ல முடியாது. 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாக உருமாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பணம் திருமண நாளிலிருந்து கல்லூரி நாள்களுக்கு இடம் மாறியிருப்பதை நான் பெரிய மாற்றமாகவே கருதுகிறேன். ஆனாலும், 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் இருபது முதல் இருபத்து நான்கு வயதுவரையுள்ள பெண்களுள் ஏறத்தாழ எட்டில் ஒருவர் பதினெட்டு வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்.

தேவதாசி முறைக்கு எதிரான அவருடைய போராட்டத்தை விரிவாகச் சொல்ல இங்கு இடமில்லை. 1927இல் தீர்மானம், 1929இல் அறநிலையச் சட்டத் திருத்தம், நெடிய எதிர்ப்புக்குப் பின் 1947இல் முழுமையான தடைச் சட்டம். சத்தியமூர்த்தி போன்ற பெருந்தலைவர்களே மறுபக்கம் நின்றார்கள். அந்தச் சட்டம் ஒரு குலத்துப் பெண்களின் கலையையும் வாழ்வாதாரத்தையும் பறித்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் எழுதுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வளர்ந்த பெண்களுக்கு மாற்று வாழ்வைச் சட்டம் தரவில்லை. ஆயினும், பொட்டுக்கட்டும் சடங்கு நடப்பது வளர்ந்த பெண்ணுக்கு அன்று, சிறுமிக்கு. பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் ஒருத்தியின் வாழ்நாள் முழுவதையும் மற்றவர்கள் தீர்மானித்துவிடுவதை, அந்தக் குடும்பத்திலிருந்தே வந்தவர் எப்படிப் பொறுத்துக்கொண்டிருப்பார்?

சட்டம் மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு அவ்வை இல்லம் சான்று. 1930இல் அந்த மரபிலிருந்து விடுபட விரும்பிய சிறுமிகள் சிலர் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களைப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்றால் தங்குமிடம் வேண்டும். சென்னையில் இருந்த மாணவியர் விடுதிகள், குலத்தைக் காரணம் காட்டி இடம் தர மறுத்தன. மகாராஜா கல்லூரி வாசலில் கேட்ட அதே மறுப்பு. இம்முறை ஆணையிட மன்னர் யாரும் இல்லை. சிறுமிகளைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுவே அவ்வை இல்லமாயிற்று. காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அதே ஆண்டில் அவர் மேலவைப் பதவியைத் துறந்திருந்தார். துணைத் தலைவர் நாற்காலியில் இருந்து இறங்கியவர், சிறுமிகளுக்குப் பாயும் தட்டும் பாடப்புத்தகமும் தேடிக்கொண்டிருந்தார். அங்கு வளர்ந்த பெண்கள் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் வெளியேறினார்கள். இல்லத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த பெயரையும் கவனிக்க வேண்டும். தமிழ் மரபில் படித்த பெண்ணுக்கு மதிப்புத் தந்த இடத்தைத் தேடிப்போய், அங்கிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரைப் பிற்காலத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு இட்டுச் சென்றது. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அது செயல்படத் தொடங்கியது. 1956இல் பத்ம பூஷண் வந்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டு வயது நிறைய எட்டு நாள் இருந்தபோது அவர் மறைந்தார். அவ்வை இல்லம் 1936இலேயே அடையாற்றுக்கு இடம் பெயர்ந்துவிட்டது. அதன் வளாகத்தில் இன்றும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி நடக்கிறது.